சஷ்டிக்கு ஒரு தட்டு இட்லி

வலது தோள் கழன்று விழுந்துவிடும் போலிருந்தது தேவிப்ரியாவுக்கு.

விடிவதற்கு முன்னாலிருந்தே கிரைண்டரோடு மல்லுக்கட்டிய தோள். கழுத்துக்கும் கைக்கும் நடுவில் யாரோ ஆணி இறக்கியது போல ஓரிடம்... அங்கே மட்டும் எரிந்துகொண்டே இருந்தது. இப்போது இரண்டு கையிலும் இட்லி மாவு வாளிகள் வேறு. கைப்பிடிக் கம்பி விரல் மடிப்பில் இறங்கி, தோல் வெளுத்துப் போயிருந்தது. இறக்கி வைக்கலாமென்றால் கீழே சேறு.

நடக்கலாமென்றால் எதிரே மூங்கில்.

கல்கத்தா பாலிகஞ்சின் அந்தக் குறுகலான சந்தில், குடியிருப்பின் கேட்டை அடைத்துக்கொண்டு ஒரு மூன்று சக்கர வண்டி நின்றது. வண்டியைப் போல இரண்டு மடங்கு நீளத்துக்கு மூங்கில்கள். ஒரு முனை கேட்டுக்குள். மறுமுனை எதிர்வீட்டுச் சுவரில்.

"தாதா, வண்டியை நகத்துங்க," என்றாள் வங்காளத்தில்.

மூங்கில்களுக்குப் பின்னாலிருந்து ஒரு முகம் எழுந்தது. வேர்வையில் ஒட்டிய முடி. பல்லில் கவ்விய கயிறு. அதற்கு மேலே இரண்டு கண்கள்... மழைக்கு முந்தின வானம் மாதிரி, கறுத்து, அவசரமே இல்லாமல்.

"ஒரு நிமிஷம் தீதி. கயிறு சிக்கிக்கிச்சு." அவனும் வங்காளத்தில்தான் சொன்னான்.

"உங்க ஒரு நிமிஷத்துல என் மாவு பொங்கி ரோட்டுல ஓடும்."

"பொங்கினாத்தானே இட்லி?"

மூடி போட்ட வாளிக்குள் இட்லி மாவு என்று இவனுக்கு எப்படித் தெரியும்... அதை யோசிக்க அவளுக்கு நேரமில்லை. செல்போன் அடித்தது. ஒரு வாளியை அவன் வண்டி மேலேயே 'ணங்'கென்று வைத்துவிட்டுப் போனை எடுத்தாள். அம்மா கிருஷ்ணம்மாள்.

"உள்ள போயிட்டியா?"

"எங்கம்மா போறது? கேட்டை மறிச்சுக்கிட்டு ஒரு மூங்கில் மூஞ்சி நிக்குது." தமிழில், அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "ஆமா, பெங்காலிதான். நாம பேசறது ஒண்ணும் அதுக்குப் புரியாது. திமிரைப் பாரேன்... ஆனா கண்ணு மட்டும்..."

நிறுத்தினாள்.

"கண்ணு மட்டும் என்னடி?" என்றாள் அம்மா.

"ஒண்ணுமில்ல. வெச்சுடு."

மூங்கில் மூஞ்சி குனிந்து முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தது. காது மட்டும் சிவந்திருந்தது. வெயில்கூட இல்லையே என்று நினைத்தாள்.

அப்போதுதான் மழை.

தூறலாகத் தொடங்கவில்லை. மொத்தமாகக் கொட்டியது. தேவிப்ரியா மாவு வாளியைக் கட்டிக்கொண்டு எங்கே ஓடுவது என்று தெரியாமல் நின்றாள். அவன் வண்டியிலிருந்த பந்தல் துணி மூட்டைமேல் கிடந்த நீலத் தார்ப்பாயை ஒரே இழுப்பில் உருவினான். இரண்டு வாளிகளையும் சேர்த்து வைத்து, மூடி, சுற்றிக் கயிறு போட்டான். அவன் துணிகள் நனைந்தன. அவன் நனைந்தான். அவளும் நனைந்தாள்.

மாவு நனையவில்லை.

"தார்ப்பாயை உங்க தலைக்கு மேல பிடிக்கலையேன்னு கோபமா?" என்றான், முகத்தில் வழிந்த தண்ணீரைத் துடைக்காமல். "நீங்க காஞ்சுடுவீங்க. மாவுல தண்ணி விழுந்தா விழுந்ததுதான்."

நன்றி சொல்லியிருக்க வேண்டும். வாளிகளைத் தார்ப்பாயோடு தூக்கிக்கொண்டு, மூங்கிலுக்கு அடியில் குனிந்து, கேட்டுக்குள் போய்விட்டாள்.

அன்று பஞ்சமி. ஒவ்வொரு வருஷமும் துர்கா பூஜை தொடங்கும் முன் அந்தக் குடியிருப்பின் முற்றத்தில் ஆனந்தமேளா நடக்கும். அவரவர் சமைத்து, மேசை போட்டு, அக்கம்பக்கத்தாருக்கு விற்கும் ஒரே ஒரு சாயங்காலம். மற்ற பெண்களுக்கு அது விளையாட்டு. தேவிப்ரியாவுக்கு இல்லை.

சந்தின் கோடியில் ஒரு பழைய வீட்டின் கீழ்த்தளத்தில்தான் அவள் மாவுக்கடை. அந்த வீட்டை இடித்துக் கட்ட ஒரு புரோமோட்டர் வாங்கிவிட்டான். தீபாவளியோடு வரும் காளி பூஜைக்குள் காலி செய்ய வேண்டும். ஆவடியிலிருந்து அண்ணன் முத்துக்குமார் வாரம் தவறாமல் போன் செய்தான். "கடையும் வேணாம், கல்கத்தாவும் வேணாம். அம்மாவைக் கூட்டிக்கிட்டு வந்துடு. மாப்பிள்ளை பாத்து வெச்சிருக்கேன்." அந்த மாப்பிள்ளையின் போட்டோவை அவள் திறந்துகூடப் பார்க்கவில்லை. கார்டன் ரீச்சில் கப்பல் யார்டு வெல்டராக இருந்த அப்பா போன பிறகு, இந்த மாவில்தான் அவளும் அம்மாவும் நிமிர்ந்தார்கள்.

குடியிருப்பின் கேட் ஓரமாக ஒரு சின்ன அறை இருந்தது. துணி தேய்ப்பவர் ஊருக்குப் போன பிறகு பூட்டியே கிடந்தது. அதைக் கேட்டு இரண்டு பேர் நின்றார்கள். தேவிப்ரியா ஒருத்தி. தெருமுனையில் மோமோ விற்கும் தீபக் இன்னொருவன். குடியிருப்புக் கமிட்டியில் மூத்தவளான சென் மாசிமா சொன்னால்தான் எதுவும் நடக்கும். மாசிமா சொல்லிவிட்டாள்: ரெண்டு பேரும் மேளாவுல சமைங்க. யார் கையை எங்க ஜனம் தேடுதோ, சாவி அவங்களுக்கு.

வெளியாள் கடை போட முடியாதென்பதால், மூன்றாம் மாடி வத்சலா மாமி தன் பெயரில் தேவிப்ரியாவுக்கு ஒரு மேசை வாங்கிக் கொடுத்திருந்தாள்; தீபக்குக்கு வேறொரு வீட்டார். ஆக, மானம் போனால் மாமியின் மானமும் சேர்ந்து போகும்.

மழை விடவில்லை. முற்றத்தில் கணுக்கால் தண்ணீர். மைக்கில் அறிவிப்பு வந்தது: மேளா நாளைக்கு, சஷ்டி சாயங்காலம்.

"நாளைக்கா..." தேவிப்ரியா வாளியின் மூடியைத் தூக்கிப் பார்த்தாள். "இந்தப் புழுக்கத்துல நாளைக்குள்ள மாவு புளிச்சு நாறிடுமே மாமி."

"அழாதேடி. நம்மாத்து ஃப்ரிட்ஜ் என்னத்துக்கு இருக்கு?" வத்சலா மாமி ஒவ்வொன்றாக வெளியே எடுத்தாள். வெண்டைக்காய், மோர்க் கிண்ணம், முந்தாநாள் ரசம். "மாமா மோர் இல்லாம ஒருநாள் தவிக்கட்டும். ஒண்ணும் ஆயிடாது."

வாளியை உள்ளே தள்ளும்போதுதான் தேவிப்ரியாவுக்கு அந்த யோசனை வந்தது.

"மாமி... நாளைக்குச் சஷ்டி. இங்க அம்மாக்கள் எல்லாம் பிள்ளைங்களுக்காக விரதம் இருப்பாங்க. சோறு தொட மாட்டாங்க. அப்போ எல்லாரும் பலகாரம்தானே தேடுவாங்க?"

மாமி நிமிர்ந்தாள். "ஆமாண்டி. விரதம்னா நம்மாத்துலயும் ராத்திரி ரெண்டு இட்லிதானே."

"எங்கம்மாவும் சஷ்டிக்கு இட்லியோட நிறுத்திக்கும். மழை நமக்கு நல்லதுதான் பண்ணியிருக்கு மாமி."

இருவரும் சிரித்தார்கள். தேவிப்ரியாவுக்குத் தமிழ் எழுதினால் கை கோணும். வங்காளம் முத்து முத்தாக வரும். ஓர் அட்டையை எடுத்து வண்ண மையில் எழுதினாள்: சஷ்டி விரதத்துக்கு ஏற்ற இட்லி.

அன்றைக்கு அவளுக்குத் தூக்கம் சரியாக வரவில்லை. தோள் வலி ஒரு பக்கம். சாவி ஒரு பக்கம். நடுவில், சம்பந்தமே இல்லாமல்... தண்ணீர் வழிகிற இரண்டு கண்கள்.

மறுநாள் சாயங்காலம் முற்றம் காய்ந்திருந்தது. டாக் மேளம் அதிர, பந்தலில் அம்மனின் முகத்தை இன்னும் திறக்கவில்லை. மேசைகளைச் சுற்றிப் புதுப்புடவைகளின் சரசரப்பு. தேவிப்ரியா இட்லிக் கொப்பரையை ஏற்றி, தட்டுகளை அடுக்கி, சட்னியைத் திறந்து, அட்டையை முன்னால் மாட்டினாள். எதிர் மேசையில் தீபக் மோமோ பாத்திரத்தை ஏற்றினான்.

தலைக்கு மேலே ஏணி கிறீச்சிட்டது. பல்பு கட்டிக்கொண்டிருந்தவன் கீழே இறங்கினான்.

மூங்கில் மூஞ்சி.

அவன் அட்டையைப் படித்தான். மறுபடி படித்தான். பிறகு குனிந்து, மெதுவாக, சுத்தமான தமிழில் சொன்னான்.

"இந்த அட்டையைக் கழட்டிடுங்க."

தேவிப்ரியாவின் கையிலிருந்த கரண்டி சட்னிக்குள் விழுந்தது.

"உங்களுக்கு... தமிழ்..."

"மூங்கில் மூஞ்சிக்கும் தமிழ் தெரியும்ங்க. பேரு ஜெயபிரகாஷ். இங்க எல்லாரும் ஜொய்னுதான் கூப்பிடுவாங்க. டெக்கரேட்டர்ஸ் வேலை, கஸ்பாவுல குடோன்." கண்ணோரம் சிரித்தது. "கண்ணு மட்டும்... அப்புறம் என்ன சொல்ல வந்தீங்க?"

பூமி பிளந்து உள்ளே போனால் தேவலை என்றிருந்தது அவளுக்கு. முகம் கொதித்தது. வெட்கத்தை மறைக்க அவளுக்குத் தெரிந்த ஒரே வழி கோபம்.

"அட்டையை ஏன் கழட்டணும்?"

"இட்லில அரிசி இருக்கே."

"இருந்தா? இது பலகாரம். சோறில்ல. எங்கம்மா விரதத்துக்குச் சாப்பிடறதே இதைத்தான்."

"நம்ம வீட்டு விரதம் வேற. இவங்களுக்குச் சோறு மட்டும் இல்ல... அவல், பொரி, அரிசி மாவு, எதுவுமே இன்னிக்கு ஆகாது. அரிசின்னா அரிசிதான்."

இருபத்தெட்டு வருஷமாக இந்த ஊரில் இருக்கிறேன். எனக்குத் தெரியாததா... தெரியாதுதான். இட்லியை அவள் ஒருநாளும் அரிசியாக நினைத்ததில்லை.

"உங்க வேலை பல்பு கட்டறது," என்றாள். "அதைப் பாருங்க."

அதற்குள் வரிசை சேர்ந்துவிட்டது. எல்லாம் அம்மாக்கள். முதலில் சென் மாசிமா. சிவப்புக் கரை வெள்ளைப் புடவை, மெலிந்த கை, கூர்மையான பார்வை. ஆவி பறந்த இட்லியை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தாள்.

"நல்ல வாசனை. இது உளுந்துல செய்யறதுதானே மா? அரிசி கிரிசி இல்லையே?"

வரிசை காத்திருந்தது. கொப்பரை புஸ்ஸென்றது. தேவிப்ரியா வாயைத் திறந்தாள். உளுந்தும்தானே இருக்கிறது... உளுந்து என்று சொன்னால் பொய்யா... ஒரு தலையசைப்பு போதும். அந்தச் சாவி. அம்மாவின் முழங்கால் வலி. ஆவடி. திறக்காத போட்டோ...

"இருக்கு மாசிமா," என்றான் ஜெயபிரகாஷ், ஏணிக்குப் பக்கத்திலிருந்து. "அரிசிதான் ஜாஸ்தி."

மாசிமா தட்டை மேசையில் வைத்தாள். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். அட்டையை ஒருமுறை பார்த்தாள், தேவிப்ரியாவை ஒருமுறை பார்த்தாள். நகர்ந்தாள். அவள் பின்னால் வரிசையும் கரைந்து போயிற்று... நேராக எதிர் மேசைக்கு. மோமோ மைதா மாவு. கோஸ் வைத்தது. விரதத்துக்குத் தடையே இல்லை.

"யார் உங்களைக் கேட்டா?" தேவிப்ரியாவின் குரல் உடைந்தது.

"யாரும் கேக்கல."

"அப்போ ஏன் வாயைத் திறந்தீங்க?"

அவன் அவளையே பார்த்தான். அந்தக் கண்களில் சிரிப்பு இல்லை.

"நீங்க திறந்துடுறதுக்கு முன்னாடி திறக்கணும்னு தோணிச்சு."

சுள்ளென்றது அவளுக்கு. இவனுக்குத் தெரிந்துவிட்டது.

"போங்க," என்றாள். "உங்க பல்பையும் கழட்டிக்கிட்டுப் போங்க."

அவன் போனான். பல்பை விட்டுவிட்டுப் போனான்.

வத்சலா மாமி கையைப் பிசைந்தாள். "என்னடி பண்றது? என்னை எல்லாரும் ஒரு மாதிரி பார்க்கறா. நானும்தானே பலகாரம்னு தலையாட்டினேன்." ஆண்களும் பிள்ளைகளும் இரண்டொரு தட்டு வாங்கினார்கள். அவ்வளவுதான். தீபக்கின் மேசையைச் சுற்றி நிற்க இடமில்லை. தேவிப்ரியா அட்டையைப் பிய்த்து மேசைக்கடியில் எறிந்தாள். கோபம் அவன் மேல்தான் என்று எத்தனை முறை சொல்லிப் பார்த்தாலும், உள்ளே ஒரு குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. அவன் பேசியிருக்காவிட்டால் நீ என்ன சொல்லியிருப்பாய்?

"ரவா இட்லி செய்யத் தெரியுமா... இல்ல, சண்டை மட்டும்தானா?"

நிமிர்ந்தாள். ஜெயபிரகாஷ் நின்றான். ஒரு கையில் ரவைப் பொட்டலங்கள். மறு கையில் மிட்டாய்க் கடையிலிருந்து புளித்தயிர் மண்சட்டி. இடுப்பு மடிப்பில் முந்திரியும் சோடா உப்பு பாக்கெட்டும்.

"எங்கேருந்து..."

"மளிகைக்கடை அண்ணன்கிட்ட. பந்தல்ல அவர் கடை பேனரை நல்ல இடத்துல கட்டித் தரேன்னு சொன்னேன். ரவைக்குச் சஷ்டியில தடையில்ல." சட்டியை இறக்கினான். "திட்டறதா இருந்தா வறுத்துக்கிட்டே திட்டுங்க. நேரம் இல்ல."

அவள் திட்டவில்லை. கொப்பரைத் தட்டுகளை மாமி தேய்த்துக் கழுவினாள், இரண்டு தடவை. தேவிப்ரியா நெய்யில் கடுகும் கறிவேப்பிலையும் பொரித்து, ரவையைக் கொட்டி வறுத்தாள். தோளிலிருந்த ஆணி ஒவ்வொரு கிளறலுக்கும் இறங்கியது. ஜெயபிரகாஷ் தயிரைக் கடைந்தான். மூங்கில் சிராய்த்த விரல்கள், காய்ப்பேறிய உள்ளங்கை. அப்பாவின் கை இப்படித்தான் இருக்கும் என்று நினைத்தாள். உடனே பார்வையைத் திருப்பிக்கொண்டாள்.

முதல் ஈடு கொப்பரையில் ஏறியது. வாசனைக்கு இரண்டு பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அடுப்புச் சுடர் சுருங்கியது. நீலம் மஞ்சளானது. பக்... பக்... அணைந்தது.

"சிலிண்டர்," என்றாள் தேவிப்ரியா. "பதிஞ்சு வெச்சேன், பூஜை லீவுன்னு வரல. வேற இல்ல. மாமி வீட்லயும் காலைலயே தீந்துடுச்சு."

ஜெயபிரகாஷைத் திரும்பிப் பார்த்தாள். அவன் இல்லை.

பந்தலிலிருந்து சங்கு முழங்கியது. பூஜைக்கு நேரமாகிவிட்டது. பெண்கள் மேசைகளை விட்டுப் பந்தல் பக்கம் நகரத் தொடங்கினார்கள். கரைத்த ரவை சட்டியில் இறுகிக்கொண்டே வந்தது. தண்ணீர் தெளித்துக் கிளறினாள். மறுபடி இறுகியது. அவனும் போய்விட்டான். போகத்தானே சொன்னாய்... இப்போது எதற்குக் கேட்டைப் பார்க்கிறாய்?

கேட்டைத்தான் பார்த்தாள். கண்ணெடுக்காமல்.

வந்தான். சிலிண்டர் தோளில். கூட்டம் விலகி வழிவிட்டது. பாலத்தில் நெரிசலாம், வண்டியை அந்தப் பக்கமே விட்டுவிட்டு ரயில்வே பாலம் முழுக்கச் சுமந்து வந்திருக்கிறான். இறக்கி வைத்தபோது சட்டைக்கு மேலே கழுத்தோரம் ரத்தம் கட்டிச் சிவந்திருந்தது. மூச்சு வாங்க, குழாயை மாட்டி, அடுப்பைப் பற்றவைத்தான்.

"யாரோடது?" என்று கேட்டாள்.

"எங்க வீட்டுது."

முதல் தட்டை அவளே எடுத்துக்கொண்டு பந்தல் வாசலில் நின்ற சென் மாசிமாவிடம் போனாள்.

"மாசிமா, இது ரவை. அரிசி ஒரு மணிகூட இல்ல. இட்லித் தட்டு அரிசி மாவு பட்டதுதான், ரெண்டு தடவை கழுவியிருக்கு. சாம்பார்ல வெங்காயம், அதனால சட்னி மட்டும் வெச்சிருக்கேன். அந்த அட்டை... எங்க வீட்ல விரதத்துக்கு இட்லி சாப்பிடுவோம். உங்களுக்கும் அப்படித்தான்னு நெனச்சுட்டேன். தப்பு என்னோடது. வத்சலா மாமியோடது இல்ல."

மாசிமா இட்லியைப் பிட்டு வாயில் போட்டாள். மென்றாள். தேவிப்ரியாவுக்கு டாக் மேளத்தைவிடத் தன் நெஞ்சு சத்தமாகக் கேட்டது.

"என் பிள்ளை பெங்களூர்ல இருக்கான்," என்றாள் மாசிமா. "தினமும் இட்லிதான் திங்கறான். அவனுக்காக நான் இன்னிக்கு இட்லியைத் தொடக் கூடாது. வேடிக்கையா இல்ல?" இன்னொரு துண்டு போட்டுக்கொண்டாள். "காலைலேர்ந்து வெறும் பழம். நீ இல்லைன்னு சொல்லியிருந்தா நம்பித் தின்னிருப்பேன் மா. பசி அப்படி... அந்த ஜொய் உனக்கு யாரு?"

பதிலுக்கு மாசிமா காத்திருக்கவில்லை. பக்கத்தில் நின்றவளின் முழங்கையை இடித்து, "போய் வாங்கு, ஆறிடும்," என்றாள்.

அதற்குப் பிறகு நிமிரவே நேரமில்லை. அவள் ஊற்ற, அவன் எடுக்க, மாமி சட்னி வைக்க, ரவை தீர்ந்தது. தயிர்ச் சட்டியை வழித்து ஊற்றிய கடைசி ஈடும் தீர்ந்தது. அரிசி இட்லியை ஆண்கள் வந்து காலி செய்தார்கள். ஆனாலும் எதிர் மேசைக்குக் கூட்டம் முதலிலேயே போய்விட்டது. யார் கண்ணுக்கும் அது தெரியும்.

பூஜை முடிந்ததும் சென் மாசிமா சாவிக்கொத்தோடு இரண்டு மேசைக்கும் நடுவில் வந்து நின்றாள்.

"அறை ஒண்ணுதான். மோமோவும் வேணும்கறாங்க, இட்லியும் வேணும்கறாங்க. காலைல மாவு, சாயங்காலம் மோமோ. உங்க பொங்கல் வரைக்கும் பாக்கலாம். சண்டை போடாம இருப்பீங்களா?"

பாதி அறை. பாதி நாள். அதுவும் பொங்கல் வரைக்கும்தான்... தேவிப்ரியா சாவியை வாங்கினாள். ஆவடிக்கு இன்று போன் போட்டுச் சொல்லலாம், வரவில்லை என்று.

"அறையில அலமாரி பாதி எனக்கு, தீதி," என்றான் தீபக்.

"மோமோ வாசம் மாவுல ஏறிச்சுன்னா உன்னைத் தூக்கி வெளிய வெப்பேன்."

மாமி மாடிக்குப் போனாள். முற்றத்தில் மேசைகளை மடித்துக்கொண்டிருந்தார்கள். தேவிப்ரியா ஒரு தட்டில் எடுத்து மறைத்து வைத்திருந்த இரண்டு இட்லியைக் கொண்டுபோய் ஏணிக்கடியில் உட்கார்ந்திருந்தவனிடம் நீட்டினாள்.

"மூங்கில் மூஞ்சிக்கா?" என்றான்.

"சாப்பிடுங்க."

அவன் சாப்பிட்டான். பசி தெரிந்தது. அவள் ஒரு கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்தாள். எங்கோ தூரத்தில் மறுபடி இடி உருண்டது. குளிர்ந்த காற்று பந்தல் துணியை உப்ப வைத்தது.

"மாசிமா கேட்டப்போ..." தொடங்கினாள். "இல்லைன்னுதான் சொல்லப் போனேன்."

"தெரியும்."

"எப்படி?"

"உங்க உதட்டைத்தான் பாத்துக்கிட்டிருந்தேன்." சொன்ன பிறகுதான் சொன்னது என்னவென்று அவனுக்கு உறைத்தது. காது சிவந்தது, நேற்றைப் போலவே. இட்லியைப் பார்த்தபடி அவசரமாகப் பேசினான். "எனக்கு அம்மா சின்ன வயசுலயே தவறிட்டாங்க. கார்டன் ரீச்ல ரயில்வே குவார்ட்டர்ஸ். பக்கத்து வீட்டுப் பெங்காலிக் காகிமா, எனக்குச் சித்தி மாதிரி, சஷ்டி அன்னிக்கு அவங்க பிள்ளைக்கும் எனக்கும் சேத்து விரதம் இருப்பாங்க. நாள் முழுக்கப் பட்டினி கிடந்து, எங்க ரெண்டு பேர் நெத்தியிலயும் தயிர்ப் பொட்டு வெப்பாங்க. அதான்... மாசிமா தட்டைக் கையில எடுத்ததும் எனக்குப் பொறுக்கல."

அவன் தட்டில் இருந்த இட்லியைப் பிட்டான்.

"இன்னொண்ணும் இருக்கு. உங்க கடைக்கு வாரம் வாரம் தூக்குவாளியோட ஒரு பெரியவர் வருவாரே... காக்கிச் சட்டை, ஒரு காது கேக்காது."

"வேலாயுதம் ஐயா? கஸ்பாலேர்ந்து நடந்தே வருவாரே, அவரா?"

"எங்கப்பா. அந்தப் பொண்ணு மாவுல தண்ணி ஊத்தி ஏமாத்தாதுடான்னு பெருமை பேசிக்கிட்டே இருப்பார். நேத்து நீங்க வந்து நின்னதும், வாளியில கடைப் பேரைப் பாத்துட்டு, இவங்கதானான்னு நெனச்சேன். அந்தப் பொண்ணு வாயிலேர்ந்து ஒரு பொய் வர்றதை நான் பாக்க வேணாம்னு இருந்துச்சு. உங்களுக்காக இல்லீங்க... எனக்காக." நிமிர்ந்து பார்த்தான். "புடிச்சிருந்துச்சு. நேத்து மழையிலயே. நீங்க திட்டும்போதே."

மழை ஒரு துளி அவள் கையில் விழுந்தது. இன்னொன்று அவன் தட்டில்.

ஓடத் தோன்றவில்லை அவளுக்கு. தோள் வலி இருந்தது. பயமும் இருந்தது... ஆவடிக்குச் சொல்ல வேண்டும், அம்மாவுக்குச் சொல்ல வேண்டும், பொங்கலுக்குப் பிறகு அறை என்னாகுமோ. எல்லாம் அப்படியே இருந்தது. ஆனாலும் வாய் தானாகத் திறந்தது.

"கண்ணு மட்டும் நல்லா இருக்குன்னுதான் நேத்து சொல்ல வந்தேன்."

"இப்போ?"

"இப்போ... கண்ணு மட்டும் இல்ல."

அவன் சிரிக்கவில்லை. தட்டைக் கீழே வைத்துவிட்டு, உள்ளங்கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டான். அவள் அந்தக் கையைப் பிடித்தாள். காய்ப்பும் காய்ப்பும் உரசின.

"சிலிண்டரை எடுத்துக்கிட்டுப் போங்க," என்றாள் கையை விடாமல். "ஐயாவுக்கு டீ போடணுமே."

அவன் அதை ஒரு விரலால் தட்டிப் பார்த்தான். வெறும் இரும்புச் சத்தம். அவர்கள் வீட்டில் ஏற்கெனவே பாதி எரிந்த சிலிண்டர்தான் அது. முழுசு இல்லை என்று அவளிடம் சொல்லாமல் விட்டிருந்தான்.

"இதுவும் தீந்துடுச்சு. பூஜை முடியற வரைக்கும் அப்பா வெளியில டீ குடிச்சுக்குவார். நீங்க திருப்பித் தர வேணாம். தந்துட்டா நான் எந்தச் சாக்குல வர்றது?"

"சாக்கில்லாம வாங்க. அது வேற." அவள் எழுந்து காலி வாளிகளை இடது கைக்கு மாற்றிக்கொண்டாள். "சிலிண்டர் உங்களுக்குத் தர வேண்டியதில்ல. உங்கப்பாவுக்குத் தர வேண்டியது."

மழை வலுத்தது. அவன் நீலத் தார்ப்பாயை எடுத்தான். இந்த முறை வாளிகளை நனையவிட்டான்.

துர்கா பூஜைக்குப் பின்னால் வரும் லட்சுமி பூஜையும் போய்விட்டது. பதிந்த சிலிண்டர் இன்னும் வரவில்லை. கஸ்பா வேலாயுதம் வீட்டுக்கு, நிரப்பின சிலிண்டர் ஒன்று, தேவிப்ரியா தர வேண்டும்.